பாக்கிப் பணத்தைக் கேட்டதற்கு ‘மிரட்டிப் பணம் பறித்தல்’ வழக்கு வருமா? புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 308ஆவது பிரிவு பற்றி விளக்கம் தேவை

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி திருநெல்வேலியில் வீடுகளுக்கு மின் வயரிங் வேலையும் பிளம்பிங் வேலையும் ஒப்பந்த அடிப்படையில் எடுத்துச் செய்து வருகிறான். ஒரு மாடி வீட்டுக்கு இரண்டு வேலைகளையும் சேர்த்து 11,50,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்து, உரிமையாளர் அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். வேலை முடிந்து கிரகப்பிரவேசமும் நடந்துவிட்டது. இதுவரை வந்த தொகை 7,90,000 ரூபாய். மீதம் 3,60,000 ரூபாய் பாக்கி. ஆறேழு மாதங்களாகக் கேட்டும் ‘அடுத்த மாதம்’ என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. தம்பியோ பொருள் எடுத்த கடைக்குப் பணம் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் பொறுமை இழந்து, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டான். தாமதத்துக்கு வட்டியாக 40,000 சேர்த்து நான்கு லட்சமாக ஞாயிற்றுக்கிழமைக்குள் தரவேண்டும் என்றும், தராவிட்டால் ஆட்களோடு வந்து மோட்டாரையும் சுவிட்ச் போர்டுகளையும் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றும், மாடியில் அனுமதியில்லாமல் கட்டியிருக்கும் அறையைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதிப் போடுவேன் என்றும் அதில் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் உரிமையாளர் கூகுள் பே வழியாக 50,000 ரூபாய் அனுப்பி, “மீதியை விரைவில் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்” என்று எழுதினார். தம்பியும் நன்றி சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, தம்பி தன்னை மிரட்டிப் பணம் பறித்துவிட்டதாக அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். இப்போதைக்கு சிஎஸ்ஆர் என்ற மனு ரசீது மட்டும் போட்டிருக்கிறார்கள். பிஎன்எஸ் 308இல் வழக்குப் பதிந்தால் ஏழு ஆண்டு சிறை என்று நிலையத்தில் சொன்னார்களாம். தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டவன் எப்படிப் பணம் பறித்தவன் ஆவான்? வழக்கு பதிவானால் எதைச் சொல்லித் தற்காத்துக்கொள்ள முடியும்? வழக்கறிஞரைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்பதாவது தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

சந்திப்பு78:

இதற்கு இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. தம்பியை அந்தக் குரல் பதிவை இரு பக்கமும் அழியும்படி நீக்கச் சொல்லுங்கள். சிம்மை மாற்றிவிட்டு இரண்டு மாதம் வெளியூர் வேலைக்குப் போய்வரட்டும். ஆதாரமே இல்லாவிட்டால் வழக்கு எங்கே நிற்கும்?

கறுப்புக்கோட்டு:

மேலே உள்ள யோசனையை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். குரல் பதிவு புகார்தாரரின் கைபேசியில் ஏற்கனவே இருக்கிறது. புகார் கொடுக்கும்போதே அதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்திருப்பார். நீங்கள் அழிப்பதால் அது மறையப்போவதில்லை. மாறாக, சாட்சியத்தை மறைத்தல் என்ற தனிக் குற்றம், பிஎன்எஸ் 238, உங்கள் தம்பியின் தலையில் புதிதாக ஏறும். முன்ஜாமீன் மனுவை விசாரிக்கும் நீதிபதி முதலில் கேட்பதே ‘இவர் தலைமறைவாவாரா, சாட்சியத்தைக் கலைப்பாரா’ என்றுதான். அந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்று நீங்களே பதில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். இதைவிட முக்கியமானது, அழிக்கச் சொல்லும் அதே உரையாடலில்தான் உங்கள் தம்பிக்குச் சாதகமான செய்திகளும் இருக்கின்றன.

நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வதால் இதைப் பொது விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 383 முதல் 389 வரை ஏழு பிரிவுகளாக இருந்ததைத்தான் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ், 308 என்ற ஒரே பிரிவுக்குள் ஏழு உட்பிரிவுகளாக அடக்கியிருக்கிறது. புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய சட்டம்தான் பொருந்தும். இந்தத் தேதி சிறு விஷயமல்ல. ஏனென்றால் சாதாரணப் பணப்பறிப்புக்குப் பழைய 384இல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான், புதிய 308(2)இல் அது ஏழு ஆண்டுகளாக உயர்ந்துவிட்டது. நிலையத்தில் சொன்ன ‘ஏழு ஆண்டு’ இதுதான். அது உச்ச வரம்பு. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை, அபராதத்தோடு விட்டுவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

குற்றம் என்று நிற்க வேண்டுமானால் அரசுத் தரப்பு ஒரு சங்கிலியை முழுமையாக நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வேண்டுமென்றே ஒருவருக்கு, அவருக்கோ வேறொருவருக்கோ தீங்கு நேரும் என்ற அச்சத்தை ஊட்டியிருக்க வேண்டும். அந்த அச்சத்தின் காரணமாகவே அவர் பணத்தையோ பொருளையோ கையெழுத்திட்ட தாளையோ கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுக்கவைத்தது நேர்மையற்ற நோக்கத்தோடு நடந்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் 308(2) நிற்காது.

உங்கள் தம்பிக்கு வலுவான இடம் மூன்றாவது கண்ணி. ‘நேர்மையற்ற நோக்கம்’ என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது: தனக்குச் சட்டப்படி உரிமையில்லாத சொத்தை முறைகேடான வழியில் அடைவதோ, உரிமையுள்ளவரிடமிருந்து அப்படிப் போகச் செய்வதோ நோக்கமாக இருக்க வேண்டும். கையெழுத்திட்ட கொட்டேஷன் இருக்கிறது, வேலை முடிந்திருக்கிறது, பாக்கி இருப்பதை உரிமையாளரே செய்திகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த 3,60,000 ரூபாய் உங்கள் தம்பிக்கு உரிமையில்லாத பணம் என்று சொல்ல முடியாது. நல்லெண்ணத்தோடு கூடிய உரிமைக் கோரிக்கை என்று நீதிமன்றங்களில் நாங்கள் வாதிடுவது இதைத்தான்.

ஆனால் அந்த 40,000 ரூபாயில்தான் எதிர்த்தரப்பு கை வைக்கும். வட்டி தருவதாக ஒப்பந்தத்தில் இல்லாதபோது, ‘பாக்கியைக் கேட்கவில்லை, அதற்கு மேல் கேட்டார்’ என்று சொல்வார்கள். எழுத்துமூலம் கோரிய தொகைக்கு வட்டி வழங்க 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் நீதிமன்றத்துக்கு வழிவிடுகிறது என்பதால், வட்டி கேட்கலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என வாதிட இடமுண்டு. உண்மையில் கைக்கு வந்தது 50,000 மட்டுமே, அது பாக்கித் தொகைக்குள்தான் அடங்குகிறது என்பதும் உதவும்.

முதல் கண்ணியில் உங்கள் தரப்பு பலவீனம். ‘தீங்கு’ என்று சட்டம் சொல்வது உடலுக்கோ மனத்துக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் கேட்டை. சுவரில் பொருத்திவிட்ட சுவிட்ச் போர்டும் கிணற்றில் இறக்கிவிட்ட மோட்டாரும் இனி வீட்டுக்காரருடைய சொத்து. பணம் பாக்கி இருக்கிறது என்பதற்காக ஆட்களோடு புகுந்து கழற்றினால் அது அத்துமீறலும் திருட்டும் ஆகும். எனவே அந்த வாக்கியம் சட்டவிரோதத் தீங்கு பற்றிய மிரட்டல்தான், அதை மறுத்துப் பயனில்லை. மாநகராட்சிக்கு எழுதுவேன் என்பது சற்று வேறு மாதிரியானது. விதிமீறல் கட்டடத்தைப் பற்றிப் புகார் எழுதுவது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை. அதனால் அது ‘சட்டவிரோதமான’ கேடு அல்ல என்று வாதிடலாம். ஆனாலும் பணம் கொடுத்தால் எழுதமாட்டேன், கொடுக்காவிட்டால் எழுதுவேன் என்று பேரமாக வைத்தது நீதிமன்றத்தில் நல்ல தோற்றத்தைத் தராது. உண்மையான குற்றச்சாட்டாகவே இருந்தாலும், அதைச் சொல்லிப் பயமுறுத்துவதும் தீங்கு பற்றிய அச்சமே என்று சொல்லும் பழைய தீர்ப்புகள் இருக்கின்றன. எனவே இந்த வாதத்தின் மீது முழு பாரத்தையும் ஏற்றாதீர்கள்.

நடுக் கண்ணிக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் ஐசக் இசங்கா முசும்பா வழக்கிலும், 2023இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த சாலிப் வழக்கிலும், மிரட்டலுக்கு இணங்கிப் பணமோ பொருளோ கைமாறியதாகக் குற்றச்சாட்டே இல்லாதபோது பணப்பறிப்புக் குற்றம் ஆகாது என்று கூறி முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்திருக்கிறது. உங்கள் வழக்கில் 50,000 ரூபாய் கைமாறியிருக்கிறது என்பதால் அந்தத் தீர்ப்புகளை அப்படியே காட்ட முடியாது. அந்தப் பணம் அச்சத்தால் வந்ததா, பாக்கியின் ஒரு பகுதியாக வந்ததா என்பதே கேள்வி. “மீதியை விரைவில் தருகிறேன்” என்ற அவருடைய செய்தியும், அதற்குப் பின் மூன்று வாரம் எந்தப் புகாரும் இல்லாமல் கழிந்ததும் இங்கேதான் பயன்படும். பயந்து கொடுத்தவர் ‘மீதி’ என்று எழுதுவாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். அந்த மூன்று வாரத்தில் வேறு செய்திகள் ஏதேனும் பரிமாறப்பட்டிருந்தால் அவற்றையும் விடாமல் எடுத்துச் செல்லுங்கள்.

பழைய ரைட்டர்:

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் பல ஆண்டுகள் காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நடைமுறையைச் சொல்கிறேன்.

சிஎஸ்ஆர் என்பது வழக்குப் பதிவு அல்ல. மனு வந்திருக்கிறது என்பதற்கான ரசீது அது. அந்தக் கட்டத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பணத் தகராறு என்று தெரிந்தால் பேசி முடித்துக்கொள்ளும்படி சொல்வதும் உண்டு. பேசுவதில் தவறில்லை. ஆனால் அங்கே எதை எழுதிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “நான் மிரட்டியது உண்மை, இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்” என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மனு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் உங்கள் தம்பி எழுத வேண்டாம். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆவது பிரிவு சொல்வது உண்மைதான்; இருந்தாலும் அந்தத் தாள் கோப்பில் இருந்தால் அடுத்து வரும் அதிகாரி முடிவெடுத்துவிட்டுத்தான் படிப்பார். அதற்குப் பதிலாக, தன் தரப்பை ஒரு பதில் மனுவாக, கொட்டேஷன் நகல், வங்கிக் கணக்கு விவரம், பொருள் வாங்கிய பில்கள் ஆகியவற்றோடு கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பிட்ட நாளில் போய் நிற்பது நல்லது. போகாமல் இருந்தால் அது ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற ஒரு வரியாகக் கோப்பில் ஏறிவிடும்.

வழக்கு பதிவானாலும் உடனே கைது என்று பயப்படத் தேவையில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதை அதிகாரி எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது இது. பழைய 41ஏ நோட்டீஸ் இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ் ஆகியிருக்கிறது. நோட்டீஸை வாங்கிக்கொண்டு, சொன்ன தேதிகளில் ஆஜராகி, ஒவ்வொரு முறையும் ஆஜரானதற்கு ஒரு குறிப்பு வைத்துக்கொண்டால் கைதுக்கான காரணம் வெகுவாகக் குறைந்துவிடும். அதே சமயம் 308(2) பிணையில் விடமுடியாத குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. மிரட்டியது மட்டும்தான், பறித்தது இல்லை என்று 308(3)இல் பதிந்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, பிணையில் விடக்கூடிய குற்றம். எந்த உட்பிரிவு என்பதை முதல் தகவல் அறிக்கையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்; காவல்துறை இணையதளத்திலேயே எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. புகாரில் ‘கை காலை முறித்துவிடுவேன் என்றார்’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கொலை அல்லது கொடுங்காயம் பற்றிய அச்சம் என்று வந்துவிட்டால் வழக்கு 308(5)க்குப் போகும், அங்கே அதிகபட்சம் பத்து ஆண்டு. குரல் பதிவில் இல்லாத வாசகம் புகாரில் இருந்தால் அதை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைவீதிக்காரன்:

கேள்வி கேட்டவரின் தம்பி மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பாக்கி வரவேண்டியதாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பதில்களைப் படிக்கும்போது மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நான் ஒரு கடைவீதியில் நீண்ட நாளாகக் கடை வைத்திருக்கிறேன். திருவிழா நன்கொடை என்று ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களையும், யாரோ ஒருவருடைய கடனை வசூலித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டப்பஞ்சாயத்துக்கு அழைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தையே ‘வரவேண்டிய பணம்’ என்பதுதான். கந்துவட்டிக்காரர்களும் அசலையும் வட்டியையும் கேட்பதாகத்தான் சொல்கிறார்கள். ‘பாக்கி’ என்று ஒரு தாளைக் காட்டிவிட்டால் மிரட்டியது மன்னிக்கப்பட்டுவிடும் என்றால், மிரட்டப்பட்டவனுக்கு என்ன பாதுகாப்பு? பயந்தவன் மறுநாளே காவல் நிலையத்துக்கு ஓடுவதில்லை. பயம் தெளியவே மூன்று வாரம் ஆகும். அந்தத் தாமதத்தை அவனுக்கு எதிராகவே திருப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கறுப்புக்கோட்டு:

கடைவீதிக்காரர் சொல்வது நியாயமான ஆட்சேபம். அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பதில்களைச் சொல்கிறேன். எல்லாமே அவருக்கு நிறைவளிக்கும் என்று சொல்லமாட்டேன்.

பாக்கி உண்மை என்பது 308க்கு எதிரான தற்காப்பு மட்டுமே. அது மிரட்டலுக்கு உரிமம் அல்ல. பணப்பறிப்பு தோற்றுப்போனாலும் குற்றமுறு மிரட்டல் என்ற 351 தனியாக நிற்கும். அதற்கு நேர்மையற்ற நோக்கமோ பணம் கைமாறுவதோ தேவையில்லை. எதிரே இருப்பவரைக் கலங்கடிக்கும் நோக்கத்தோடு சட்டவிரோதத் தீங்கு செய்வதாக மிரட்டினாலே போதும், இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. கொலை, கொடுங்காயம், தீயிட்டு அழிப்பது என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை. எனவே பொருநைக்கரை அவர்களே, 308இலிருந்து தப்பிப்பது வேறு, வழக்கிலிருந்து தப்பிப்பது வேறு. உங்கள் வழக்கறிஞரிடம் 351 பற்றித் தனியாகக் கேளுங்கள்.

மூன்றாம் ஆள் வசூலுக்கு வரும்போது நிலைமையே மாறுகிறது. உங்கள் தம்பி தன் கூலியைத் தானே கேட்டார். வசூலுக்கென்று ஆள் வைத்துக்கொண்டு வருபவர், அந்தப் பணத்தில் தனக்கு உரிமை இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அளவுக்கு மீறிய வட்டி வசூலிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. அங்கே ‘வரவேண்டிய வட்டி’ என்பது தற்காப்பாகாது, ஏனென்றால் அந்த வட்டியே சட்டம் தடுத்தது.

நன்கொடை விஷயத்தில் நினைவுக்கு வருவது மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் ஏ.ஆர். அந்துலே மீதான வழக்கு. கூட்டுறவு சர்க்கரை ஆலைகளின் குறைகள் அரசின் முன் நிலுவையில் இருந்த நேரத்தில் அவற்றிடமிருந்து அறக்கட்டளைக்கு நன்கொடை பெறப்பட்டது பணப்பறிப்பா என்ற கேள்வி எழுந்தது. ஆலை நிர்வாகத்தினர் அச்சத்துக்கு உள்ளாக்கப்பட்டு, அந்த மிரட்டலுக்கு இணங்கியே பணம் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்று கூறி, பணப்பறிப்புக் குற்றச்சாட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் 1986இல் மறுத்தது. குறையைக் கவனிக்கிறேன் என்று ஆசை காட்டுவதும் நெருக்குவதும் வேறு குற்றமாகலாம், ஆனால் பணப்பறிப்பாக அது ஆகாது. கடைவீதியில் ரசீதுப் புத்தகத்தோடு வருபவர் முகம் சுளித்துவிட்டுப் போனால் அது 308 இல்லை. ‘கடையைத் திறந்து பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனால் அது 308.

மிரட்டப்பட்டவருக்கு ஆதரவான போக்கும் தீர்ப்புகளில் இருக்கிறது. பாக்கு வியாபாரம் செய்துவந்த பாலாஜி டிரேடர்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், ஆயுதத்தோடு வந்து மாதம் ஐந்து லட்சம் ரூபாய் கேட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பணம் கைமாறவில்லை என்று காரணம் காட்டி அலகாபாத் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2025 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று அச்சுறுத்திப் பறிக்க முனைவதே பழைய 387ஆவது பிரிவில் முழுமையான குற்றம், பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று கூறி வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அந்தப் பிரிவு இப்போது 308(4). ஆகவே ‘நான் வாங்கவில்லையே’ என்ற வாதம் 308(2)க்கும் 308(5)க்கும் எதிராகச் செல்லும், 308(3)க்கும் 308(4)க்கும் எதிராகச் செல்லாது.

தாமதத்தைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். தாமதம் ஒன்றினாலேயே வழக்கு விழுவதில்லை. நியாயமான விளக்கம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். நான் தாமதத்தைத் தனியாகச் சொல்லவில்லை, இடைப்பட்ட செய்திகளோடு சேர்த்துச் சொன்னேன்.

பொருநைக்கரை:

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. கடைவீதிக்கார அண்ணன் சொன்னதைத் தம்பிக்கும் படித்துக் காட்டினேன். ஆட்களோடு வருவேன் என்று சொன்னது தவறு என்பதில் அவனுக்கு மறுப்பில்லை.

நேற்று முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது. 308(2), 351(2) என்று இருக்கிறது. இடைப்பட்ட மூன்று வாரத்தில், பாத்ரூம் குழாயில் கசிவு இருப்பதாக உரிமையாளரே தம்பியை அழைத்திருக்கிறார். தம்பியும் போய்ச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறான். அதற்கான செய்தியும் கைபேசியில் இருக்கிறது. இப்போது உறவினர் ஒருவர், உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம், முன்ஜாமீன் எல்லாம் எதற்கு என்கிறார். எது முதலில்?

கறுப்புக்கோட்டு:

குழாய்க் கசிவுக்கு அழைத்த செய்தி, என்னிடம் வந்த வழக்காக இருந்தால், நான் முதலில் எடுத்து வைக்கும் ஆவணமாக இருக்கும். ஆட்களோடு வந்து வீட்டைக் கழற்றிவிடுவான் என்று நடுங்கிக்கொண்டிருப்பவர் அதே ஆளைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விடமாட்டார். அந்தக் கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம், மென்பொருள் புதுப்பிப்பில் செய்திகள் போய்விடாதபடி காப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சாட்சிய அதினியம் 63(4)இன் கீழ் சான்றிதழ் வேண்டும். அதில் கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும். திரைப்பிடிப்பை அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். குரல் பதிவைத் தாக்கல் செய்யும் அரசுத் தரப்புக்கும் இதே நிபந்தனைதான்.

முன்ஜாமீனா, ரத்து மனுவா என்ற கேள்விக்கு என் கருத்து: பிணையில் விடமுடியாத பிரிவு பதிவாகிவிட்டதால் முன்ஜாமீன் முதலில். மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அங்கே மறுத்தால் மதுரைக் கிளைக்குப் போகலாம். கையெழுத்திட்ட கொட்டேஷன், வங்கி வழியாக வந்த பணம், முந்தைய வழக்கு எதுவும் இல்லாதது ஆகியவை இருக்கும்போது கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஜாமீன்தாரர்கள், சில வாரம் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற வழக்கமான நிபந்தனைகளை எதிர்பாருங்கள். வெளியூர் வேலை இருந்தால் அதை மனுவிலேயே சொல்லி நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள். பிரிவு எண்களில் ஒரு குழப்பம் வரும்: பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் அதிகாரம், புதியதில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து செய்யும் அதிகாரம் இப்போது 528. உங்கள் உறவினர் பழைய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கவும் கூடும்.

ரத்து மனுவை நான் இப்போதே போட மாட்டேன். 1992இல் வெளியான பஜன்லால் தீர்ப்பின் அளவுகோல் எளிது: புகாரில் சொன்னதையெல்லாம் அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகவில்லை என்றால்தான் ரத்து. இங்கே புகாரை அப்படியே எடுத்துக்கொண்டால் மிரட்டலும் இருக்கிறது, பணம் கைமாறியதும் இருக்கிறது. ‘அச்சத்தால் கொடுத்தாரா, பாக்கிக்காகக் கொடுத்தாரா’ என்பது சாட்சிகளை விசாரித்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். அப்படி ஓர் உத்தரவு வந்தால், அடுத்து விடுவிப்பு மனு, அதாவது விசாரணைக்கு முன்பே குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, போடும்போது அது குறுக்கே நிற்கும். குற்றப்பத்திரிகை வந்து, அதில் உரிமையாளரின் வாக்குமூலம், வங்கிக் கணக்கு, உங்கள் பதில் மனு எல்லாம் எப்படி வந்திருக்கின்றன என்று பார்த்த பிறகு 308ஐ மட்டும் நீக்கக் கேட்கலாம். விடுவிப்பு மனுவுக்குப் புதிய நடைமுறைச் சட்டம் 262ஆவது பிரிவில் காலக்கெடு வைத்திருக்கிறது: ஆவண நகல்கள் கொடுத்த நாளிலிருந்து 60 நாள். முன்பு இப்படிக் கெடு இல்லை என்பதால் சில வழக்கறிஞர்கள்கூட இதைத் தவறவிடுகிறார்கள்.

சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் அதையும் மூடிவிட வேண்டாம். 308 நீதிமன்ற அனுமதியோடுகூடச் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஆனாலும் தனிப்பட்ட பணத் தகராறிலிருந்து கிளம்பிய வழக்கை, இரு தரப்பும் ஒத்துப்போனால், உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் உங்கள் உறவினர் சொன்ன மனு பயன்படும்.

பொருநைக்கரை:

புரிந்தது, ஐயா. கடைசியாக ஒன்று. வழக்கு நடக்கும்போது மீதி 3,10,000 ரூபாயை எப்படிக் கேட்பது? கேட்டாலே இன்னொரு புகார் வருமோ என்று பயமாக இருக்கிறது.

கறுப்புக்கோட்டு:

தம்பி நேரில் போவதோ தொலைபேசியில் பேசுவதோ வேண்டாம்; நண்பர்கள் மூலமாகவும் சொல்லியனுப்ப வேண்டாம். முன்ஜாமீன் கிடைத்தால் புகார்தாரரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நிபந்தனை வரலாம். அதை மீறினால் முன்ஜாமீன் ரத்தாகிவிடும். வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் இல்லாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் பண வசூல் வழக்கு போடுங்கள். வட்டியையும் அங்கேயே கேளுங்கள். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்பது பொதுவான கால வரம்பு. குற்ற வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அந்தக் காலம் நிற்காது.

வழக்கு போடுவதில் இன்னொரு பயனும் உண்டு. பாக்கி உண்மை என்று நீங்கள் குற்ற வழக்கில் சொல்லும்போது, ‘அப்படியானால் ஏன் இதுவரை வழக்கு போடவில்லை’ என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். நோட்டீஸின் நகலும் வழக்கு எண்ணும் அதற்குப் பதிலாக இருக்கும். நோட்டீஸில் மாடி அறையைப் பற்றியோ மாநகராட்சியைப் பற்றியோ ஒரு வரிகூட வரக் கூடாது என்று வரைவு எழுதும் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். கொட்டேஷன் தொகை, வரவு, பாக்கி, தேதிகள், இவை மட்டும் போதும்.